பச்சை சைக்கிள் கிளம்பும்வரை

“பத்து நாள் தாங்குவியாம்மா?” என்று கேட்டார் எங்கள் கல்லூரி அலுவலக எழுத்தர். பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் அப்பா உருட்டிய கட்டைவிரல் மை இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவர் அந்த ரேகையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். “ஜெர்மனியில மூணு மாசம்னு போட்டிருக்கு. பாதியில அழுதுக்கிட்டு வந்து நின்னா டிபார்ட்மெண்டுக்குத்தான் கெட்ட பேரு.”

அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். சத்தமாகவே பேசிப் பழகியவர். “அதெல்லாம் எம்புள்ள இருந்துக்கிரும்” என்று வராந்தா வரைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். சந்தேகப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் படிக்க நேரம் இருந்திருக்காது.

பத்தாம் நாள் நான் அழவில்லை. டிரெஸ்டனில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனி என்றால் குளிர் என்று ஊரே சொல்லி அனுப்பியிருந்தது. பெட்டியில் பாதி இடத்தை மூன்று ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாயும் அடைத்திருந்தன. ஆகஸ்டில் அங்கே மதுரை வெயில் அடிக்கும் என்றோ, வீடு, கடை, ஆய்வகம் எங்கேயும் ஒரு ஃபேன்கூட இருக்காது என்றோ யாரும் சொல்லவில்லை. வந்து இறங்கிய அன்றே அறைக்கு வழிகாட்ட வந்த ஜோசப் அண்ணனிடம் முறையிட்டேன். தூத்துக்குடிக்காரர், எங்கள் ஆய்வகக் கட்டடத்திலேயே மேல்மாடியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறவர், வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

“வெல்கம் டு யூரோப்” என்றார். “ஸ்வெட்டரை விரிச்சு அதுமேல படுத்துக்கோ. செப்டம்பர்ல எடுத்துப் போட்டுக்கலாம்.”

மறுநாள் ஆய்வகக் கதவில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். என் பெயரை என்றா சொன்னேன்? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தான் இருந்தது. ஆகவே செல்வராணி ஆகிய நான் அன்றிலிருந்து ‘ஃபிராவ் கருப்பையா’, அதாவது திருமதி கருப்பையா. காலையில் வணக்கம் கருப்பையா, மத்தியானம் உணவுக்கூடத்தில் இங்கே வாருங்கள் கருப்பையா. முதல் இரண்டு நாள் யாராவது கூப்பிட்டால் அப்பா வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

வேலை எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. ஒரு பொருளைத் தயாரித்து, அதைத் தூய படிகமாகப் பிரித்துக் காட்டவேண்டும். “அதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்” என்றார் பேராசிரியர். மற்றது என்ன என்று எனக்குத் தெரியும். நடைபாதை அறிவிப்புப் பலகையில் உணவுக்கூடத்தின் வாரப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒரு தாள் தொங்கியது: முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம், வசந்தத்திலிருந்து, சம்பளத்தோடு; விண்ணப்பிக்கக் கடைசி நாள் செப்டம்பர் முடிவு. ஒரே ஓர் இடம். அன்றைக்கு உருளைக்கிழங்கா முட்டைக்கோஸா என்று பார்ப்பதுபோல தினமும் அங்கே நின்று அதை வாசித்தேன். ஊரில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் உதவித்தொகை வரும்வரை அப்பா இன்னும் இரண்டு வருடம் மூட்டை தூக்கவேண்டியிருக்கும். அவர் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாது. இந்த இடம் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மதுரைக் கல்லூரியில் கற்ற ஒழுக்கத்தை டிரெஸ்டனிலும் கடைப்பிடித்தேன். எங்கள் துறையில் சாருடைய ஸ்கூட்டர் ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பாமல் எந்த மாணவியும் வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். வேலை முடிந்திருந்தாலும் ஏதாவது ஒரு குடுவையைக் கழுவிக்கொண்டிருப்போம். கழுவியதையே மறுபடியும் கழுவுவோம். இங்கே பேராசிரியருக்கு ஸ்கூட்டர் இல்லை. முதல் நாள் காலையில் முன்பக்கம் கூடை மாட்டிய பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, என் ஜன்னலுக்குக் கீழே லிண்டன் மரத்தடியில் பூட்டியதைக் கண்ணால் பார்த்தேன். போதும், கணக்குச் சரியாகிவிட்டது. சைக்கிள் கிளம்பினால் நானும் கிளம்பலாம்.

சைக்கிள் கிளம்பவில்லை.

ஐந்து மணிக்கு ஆய்வகம் காலியாகிவிடும். ‘நல்ல மாலை’ என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் போய்விடுவார்கள். ஆறாகும், ஏழாகும், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பச்சை சைக்கிள் அங்கேயே நிற்கும். எட்டு மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்த பிறகுதான், வேறு வழியில்லாமல் கோட்டைக் கழற்றுவேன். அப்போதும் சைக்கிள் நிற்கும். என்ன உழைப்பு இந்த மனிதருக்கு என்று மலைத்துப்போனேன்.

என்னோடு இன்னொருவரும் இருந்தார். ஃபிராவ் கெஸ்லர், எங்கள் ஆய்வக உதவியாளர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி. அது கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்தில் பள்ளியில் ரஷ்ய மொழிதான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஆங்கிலத்தில் ‘குட்’, ‘நோ குட்’ மட்டும் தெரியும். ஐந்து மணிக்குமேல் மூலை மேசையில் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவார். அரை மணிக்கு ஒருதரம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார்.

என்னைக் காவல் காக்கிறார் என்றுதான் நினைத்தேன். இந்தியாவிலிருந்து வந்தவள் எதையாவது உடைத்துவிடுவாள் என்ற பயமா? இல்லை, எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றா? ரோஷம் வந்தது. அவர் இருக்க இருக்க நானும் இருந்தேன். அவர் கண்ணெதிரே எல்லாக் குடுவைகளையும் எண்ணி அடுக்கினேன். அவசரமும் பதற்றமுமாகச் செய்ததால் என் பொருளும் படிகமாகாமல், ஒவ்வொரு முறையும் விளக்கெண்ணெய் மாதிரி குடுவையின் அடியில் கிடந்தது. பனிக்கட்டியில் வைத்தேன், கண்ணாடிக் குச்சியால் சுரண்டினேன், கெஞ்சியும் பார்த்தேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது ஃபிராவ் கெஸ்லர் பேராசிரியரிடம் படபடவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புரிந்தது ஒரே சொல்தான், கருப்பையா. அதைச் சொல்லித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பேராசிரியர் என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். போயிற்று என்று நினைத்தேன். அந்த ஒரே இடம் அந்தத் தலையாட்டலோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டையைத் தேய்த்து, சந்தையில் அப்பா வேலை பார்க்கும் கமிஷன் கடைக்குப் பேசினேன்.

“ஏத்தா, சாப்பிட்டியா? அங்க தக்காளி பெட்டியில வருதா, கூடையிலயா?”

“பெட்டியிலப்பா. ஒவ்வொண்ணும் ஒரே அளவா இருக்கு.”

“அப்ப ருசி இருக்காது. ஒன்னய நல்லா வெச்சிருக்காகளா?”

“கதவுல உங்க பேரத்தாம்பா எழுதியிருக்காங்க. எல்லாரும் என்னைய கருப்பையான்னுதான் கூப்பிடுறாங்க.”

சந்தை இரைச்சலுக்கு நடுவே, “எம்பேரயா? எதுக்குத்தா, திட்டுறதுக்கா?” என்றார்.

சிரித்தேன். பேச்சை மறுபடியும் தக்காளிக்கே திருப்பினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. வந்து ஆறாவது வாரம். ஐந்து மணி தாண்டிவிட்டது. வழக்கம்போல ஜன்னலோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஃபிராவ் கெஸ்லர் பக்கத்தில் நிற்கிறார். அவரும் கீழே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். தினமும் அங்கே என்னதான் பார்க்கிறாய் என்று அர்த்தம். நான் சைக்கிளைக் காட்டினேன். “புரொஃபசர்” என்றேன்.

அவர் தன் நெஞ்சில் விரலால் குத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சின்னச் சாவியை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

நல்லவேளையாக ஜோசப் அண்ணன் படியிறங்கிக்கொண்டிருந்தார். ஃபிராவ் கெஸ்லர் வெளியே ஓடி அவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்துவந்தார். இரண்டு பேரும் ஜெர்மனில் பேசினார்கள். பேசப் பேச அண்ணனின் முகம் மாறிக்கொண்டே போய், கடைசியில் சிரிப்புத் தாளாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா தாயே! நீ அவங்க சைக்கிளுக்கு வெயிட் பண்ற. அவங்க உனக்கு வெயிட் பண்றாங்க. ஆறு வாரமா!”

இந்த ஊர் ஆய்வகங்களில் ரசாயனத்தோடு தனியாக யாரும் வேலை செய்யக்கூடாதாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருந்தே ஆகவேண்டும். ஏதாவது பற்றிக்கொண்டால் யார் அணைப்பது? மற்றவர்களுக்கெல்லாம் குழந்தை, ரயில் என்று காரணங்கள் இருந்தன. நான் கிளம்பாததால் ஃபிராவ் கெஸ்லர் தினமும் எட்டு மணிவரை துணைக்கு உட்கார்ந்திருக்கிறார்.

“அப்ப சார்?” என்றேன்.

“சாரா? அவர் நாலரைக்கே எஸ்கேப். நர்சரிலேர்ந்து பொண்ணைக் கூட்டிட்டு டிராம்ல போயிடுவாரு. முதல் நாள் பிரெட் வாங்கப்போறேன்னு இவங்க சைக்கிளை வாங்கிட்டுப் போயிருக்காரு. அதைப் பார்த்து நீ...” மறுபடியும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “என்னைப் பத்தி சார்கிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ணாங்களே, அது?”

அண்ணன் கேட்டார். ஃபிராவ் கெஸ்லர் சொன்னதை அப்படியே தமிழில் தந்தார்: “கம்ப்ளெயிண்டா? இந்தப் பெண் ஒருநாள் மயங்கி விழப்போகிறாள், வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். அவரைக் கேட்டால், இந்தியாவில் இப்படித்தான் உழைப்பார்களாம், சொன்னால் மனம் நோகுமாம். ஆண்களுக்குக் கொஞ்சமாவது தைரியம் வேண்டும்! அங்கே என் தோட்டத்தில் மூன்று வாரமாகப் பிளம்ஸ் உதிர்ந்து அழுகிக்கொண்டிருக்கிறது.”

அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பயந்துபோன ஃபிராவ் கெஸ்லர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அதுவும் அளவு கோடு போட்ட ஆய்வகக் குவளையில்.

அன்றைக்கு ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். அவர் சாவியோடு வாசலில் நின்றதால், கையிலிருந்த குடுவைக்கு மூடி போட்டு அப்படியே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். மேல்பக்கம் மட்டும் சாய்ந்து திறக்கும் அந்த ஊர் ஜன்னலைச் சாத்த மறந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

ஐந்தேகால் மணிக்கு அந்த ஊருக்கு வெயில் இருந்தது! ஆறு வாரமாக எனக்குத் தெரியாமல் தினமும் இருந்திருக்கிறது. எல்பே ஆற்றங்கரைப் புல்லில் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிடந்தார்கள். வெயில் மஞ்சளாக, சூடில்லாமல், தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. ஒரு ரொட்டி வாங்கினேன். அது அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. அழுத்தினால் மேல்தோல் சடசடவென்று பேசியது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் நாயிடம் ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான் இருக்கவேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பிளம்ஸ் பொறுக்கத் தன் தோட்டத்துக்கு வரச்சொல்லியிருந்தார் ஃபிராவ் கெஸ்லர். அங்கே ஊருக்கு வெளியே சின்னச் சின்னத் தோட்டங்களை வேலியடித்து வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டில் கொல்லை இல்லாதவர்களுக்கெல்லாம் அதுதான் கொல்லை. ஒன்பது மணிக்கே டிராமில் ஏறினேன். எங்கேயோ தண்டவாள வேலை. ஓட்டுநர் ஒலிபெருக்கியில் நீளமாக ஏதோ அறிவித்தார். எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டு இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. டிராம் பாலத்தைத் தாண்டி ஆற்றின் அந்தக் கரைக்குப் போய், ஒரு வளையத்தில் சுற்றி நின்றது. “கடைசி நிறுத்தம், அம்மா. இதற்குமேல் காடுதான்” என்று சைகையிலேயே சொன்னார் ஓட்டுநர். முகவரிச் சீட்டைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தன் கால அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எனக்காகப் படம் வரைந்தார்: ஆறு, படகுத்துறை, ஒரு தேவாலயம், அம்புக்குறி.

படகில் ஆற்றைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து. ஜோசப் அண்ணன் ஏற்கெனவே மரத்தின் மேலே இருந்தார். ஃபிராவ் கெஸ்லர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சொன்னதை அண்ணன் கிளையிலிருந்தே மொழிபெயர்த்தார்: “ஐந்து மணிக்குப் போகவேண்டியவள் எட்டு மணிவரை இருக்கிறாய். பத்து மணிக்கு வரவேண்டியவள் பதினொரு மணிக்கு வருகிறாய். உங்கள் ஊரில் கடிகாரமே கிடையாதா, இல்லை உனக்கு மட்டும்தானா?”

“எனக்கு மட்டும்தான்னு சொல்லுங்கண்ணே. ஊர் மானம் போகவேண்டாம்.”

சாயங்காலம்வரை பொறுக்கினோம். கருநீலப் பழங்கள், மேலே விபூதி பூசின மாதிரி ஒரு வெண்பொடி, விரல் பட்டால் அழியும். குளவிகளும் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டன. நடுவே ஃபிராவ் கெஸ்லர் ஒரு பெரிய தட்டு நிறைய பிளம்ஸ் பதித்த கேக்கைக் கொண்டுவந்தார். புளிப்பும் இனிப்பும் வெண்ணெயும். நான் மூன்று துண்டு தின்றேன். யாரும் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது கோடை போய்விட்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன விருந்தாளி மாதிரி. மழை, சாம்பல் வானம், வாயைத் திறந்தால் புகை. ஜன்னலில் நின்று ஊதி ஊதிப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த புது விளையாட்டு. பெட்டியிலிருந்து முதல் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொண்டுவந்த ஒரு வாளிப் பிளம்ஸை என்ன செய்வது? நல்லெண்ணெய் இருந்தது, மிளகாய்ப்பொடி இருந்தது, வெந்தயம் இருந்தது. தொக்கு கிளறினேன். மாங்காய்த் தொக்கு ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும்படி வந்தது. அந்தக் குளிரில் சுடுசோற்றில் அதைப் பிசைந்து சாப்பிட்டபோது, எனக்கு யாரிடமும் எந்தக் குறையும் இல்லை.

திங்கள் காலையில் ஒரு பாட்டில் தொக்கோடு ஆய்வகத்துக்குப் போனேன். ஃபிராவ் கெஸ்லர் ஜன்னலருகே இடுப்பில் கை வைத்து நின்றார். திறந்த ஜன்னல்! ஞாயிறு முழுக்க மழை! ‘நோ குட், நோ குட்’ என்று திண்டிலிருந்த தண்ணீரைக் காட்டிக்கொண்டே குடுவையை எடுத்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

உள்ளே எண்ணெய் இல்லை. ஊசி ஊசியாக, வெள்ளை வெளேரென்று, அடியிலிருந்து கிளம்பிப் பூங்கொத்து மாதிரி விரிந்து நின்றது படிகம். ஆறு வாரம் நான் விரட்டி விரட்டிச் செய்ய முடியாததை, ஒரு நாள் முழுக்க அடித்த குளிர்காற்று ஆள் இல்லாத அறையில் மெதுவாகச் செய்து வைத்திருந்தது. அதை அசைக்கவே மனம் வரவில்லை.

“குட்” என்றார் ஃபிராவ் கெஸ்லர். சற்றுப் பொறுத்து, “குட், கருப்பையா.”

மூன்று மணிக்கு எல்லாரும் காபிக்கு உட்காரும் அறைக்கு அன்றுதான் முதல்முறையாகப் போனேன். ஜெர்மன்காரர்கள் ரொட்டியில் தொக்கைத் தடவிக் கடித்தார்கள். முதல் ஆள் சிவந்து எழுந்து தண்ணீருக்கு ஓடினார். ஃபிராவ் கெஸ்லர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கரண்டி எடுத்தார். பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஒருநாள்கூடக் காபிக்கு வராததால் உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்” என்றார் ஆங்கிலத்தில்.

அந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஐந்து மணிக்குமேல் எனக்கென்று ஒரு பொழுது இருந்தது. மரங்கள் ஒவ்வொரு தெருவாக மஞ்சளாகிக்கொண்டு வந்தன. டிராம் நிறுத்தத்தில் முள்தோலை உடைத்துக்கொண்டு கொட்டைகள் பொத் பொத்தென்று விழும். புளியங்கொட்டையைப் பெரிதாக்கி மெருகேற்றிய மாதிரி இருக்கும். தின்னமுடியாதாம். ஆனாலும் கோட்டுப் பையில் இரண்டு போட்டுக்கொண்டு, நடக்கும்போது உருட்டிக்கொண்டே போவேன். நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓட்டுநர் கதவை மறுபடியும் திறப்பார். டிராமுக்குள் ஈரக் கம்பளி மணம், யாரோ உரித்த ஆப்பிள் மணம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்டால், எனக்கு விஷயம்தான்.

அக்டோபர் பாதியில், ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டார். ஏற்கெனவே கழுத்தில் மப்ளரைச் சுற்றியிருந்தார், நர்சரிக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே பேசினார். “குழு நேற்றுக் கூடியது. இடம் உங்களுக்குத்தான். கடிதம் வரும்.”

நான் நன்றி என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

“ஒரே ஒரு நிபந்தனை” என்றார் கையுறையை மாட்டிக்கொண்டே. “வசந்தத்தில் வரும்போது ஃபிராவ் கெஸ்லரோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசத் தெரிந்திருக்கவேண்டும். எங்காவது ஜெர்மன் வகுப்பில் சேரப் பாருங்கள்.”

“சேர்ந்துவிட்டேன் சார். இரண்டு வகுப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது இன்றைக்கு ஐந்தரைக்கு.”